முள் எழும்பாத வண்டி

சகலை,

அக்கா இன்று காலை ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். "பழைய இரும்புக் கடையில போட்டுரணுமாம், பாத்துச் செய்ங்க" என்று சொல்லி என் மனைவி அதை ஜெராக்ஸ் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கடைச் சாவியால் நெம்பித் திறந்தேன். உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, உங்கள் காரிலிருந்து கழற்றிய மூன்று பெட்ரோல் பம்புகள். வாடை குப்பென்று ஏறியது. பட்டா நகல் எடுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, கண்ணு கலங்குது?" என்றார். "பெட்ரோல் வாடைங்க, ஆகாது" என்றேன். தாலுகா ஆபீஸ் வாசலில் கடை வைத்திருப்பவன் ஒரு நாளைக்குச் சொல்லும் பொய்களில் அது சின்னது.

டின்னை இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நேரே சொல்லிவிட்டால் நான் நானில்லை, சுற்றிக்கொண்டுதான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்காக நீங்கள் பொறுத்துக்கொண்டவற்றில் இது ஒன்றும் பெரிதில்லை.

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாம். நீங்கள் அக்காளைக் கட்டிய மூத்த மாப்பிள்ளை, நான் தங்கையைக் கட்டிய இளைய மாப்பிள்ளை. நீங்கள் சிங்கப்பூரில் இருந்தவரைக்கும் உங்களை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாமனார் வீட்டு விரால் குழம்பில் தலை என் இலைக்கு வந்துகொண்டிருந்தது. லீவில் நீங்கள் வந்து இறங்கினால் அது உங்கள் இலைக்குப் போய்விடும். மாமனார் வந்தவர் போனவரிடமெல்லாம், "மூத்தவரு சம்பாதிக்கிறாரு, இளையவரு சிரிக்க வைக்கிறாரு" என்பார். அதில் எது பாராட்டு, எது திட்டு என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஆகையால் நீங்கள் ஒரேயடியாக நன்னிலத்துக்குத் திரும்பி வந்து, எங்கள் தெருவிலேயே வீடு வாங்கியபோது, நான் வாசலில் மாலையோடு நின்றேன் என்று நினைக்க வேண்டாம். வயிறு எரிந்துகொண்டுதான் நின்றேன்.

வந்த கையோடு கார் வாங்கினீர்கள். வெள்ளைக் கார். இருபது வருஷம் ஊரில் இல்லாதவரிடம் ஊர் என்ன பேசும்? "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" போகப்போவதில்லை என்று சொன்னால் பேச்சு அதோடு தீர்ந்துவிடும். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம், பிள்ளையின் கல்யாணம் என்று பேச்சை இழுக்கவும் வழியில்லை. அதைப் பற்றி ஊர் பேசியதை மட்டும் நான் உங்களிடம் கொண்டுவந்ததில்லை. என் ஆயுளில் நான் சொல்லாமல் விட்ட வம்பு அது ஒன்றுதான்.

கார்தான் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தது. ஒருவர் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகக் கேட்டார். இன்னொருவர் காதுகுத்துக்கு. அப்புறம் பெண் பார்க்க, துக்கம் விசாரிக்க, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க என்று ஊரே கேட்டது. யாருக்கும் நீங்கள் இல்லை என்று சொன்னதில்லை. சாவியை மட்டும் உடனே கொடுக்கமாட்டீர்கள். "உக்காருங்க, டீ குடிங்க. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னீங்களே, கட்டு பிரிச்சாச்சா?" என்று ஆரம்பித்தால் அவர்கள் வீட்டு மாட்டுக் கன்று வரைக்கும் விசாரித்து முடித்த பிறகுதான் சாவி கைமாறும். அவசரக்காரர்கள் நெளிவார்கள். நானும் தினம் உங்கள் வீட்டுப் பேப்பரை ஓசியில் படிக்க வருகிற சாக்கில் மூலையில் உட்கார்ந்து, வருகிற வம்பையெல்லாம் சேகரித்துக்கொள்வேன். வாரப் பத்திரிகைக்கு நான் எழுதிய நகைச்சுவைத் துணுக்குகளில் பாதி உங்கள் ஹாலில் விளைந்தவை. ஊர் அதை அறியாமல், "இவருக்கு எங்கேருந்துதான் இப்படித் தோணுதோ" என்று வியந்தது.

டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை ஏற்றுகிற பம்பு முதல்முறை தாராசுரம் கோயில் வாசலில் செத்தது. வண்டி அன்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது. கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் செல்வம் பின் சீட்டைத் தூக்கி, டாங்கிக்குள் கையைவிட்டு, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தினார். பொருள் என்றால் கெடும் என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது செத்த இடம்தான் வம்பாகப் போயிற்று. உரக்கடை ராஜாங்கத்தை மறந்திருக்கமாட்டீர்கள்; எதிர் வீட்டுக்காரரை எப்படி மறப்பது? அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு உங்கள் கார். சாமந்திப் பூவால் மூடி, கண்ணாடியில் பெயர் ஒட்டி, முன்னால் நாதஸ்வரம், பின்னால் ஜனம். கடைத்தெருவின் நட்டநடுவில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே மண்டபம் வரைக்கும் போய்விட்டார். மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்தபடி நடுச்சாலையில் வண்டிக்குள்ளேயே இருந்தார். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை விடாமல் அடிக்க, தவில் இல்லாத குறை தெரியவில்லை.

"ராசியில்லாத வண்டிய எவன்டா கேட்டு வாங்குனது?" என்று ராஜாங்கம் கத்தினார்.

"நீங்கதாண்ணே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அந்தக் குரல் என்னுடையது என்று சிலர் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளுகிறவர்களோடு சேர்ந்து, பட்டு வேட்டியோடு, நீங்களும் தள்ளினீர்கள். ஆனால் ஊருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ராசியில்லாத வண்டி. செல்வம் கம்பெனிப் பம்பையே தருவித்துப் பொருத்தினார். வார்த்தைக்கு மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். கடைசியில் நெருங்கிய சொந்தங்கள் மட்டும், அதுவும் பெரிய காரியத்துக்கில்லாமல் காய்கறி வாங்கவும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கவும் கேட்டார்கள்.

மூன்றாவது நம் கண் முன்னால் போயிற்று. வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடற்கரையில் வறுத்த மீனும் தின்றுவிட்டு, நாம் நாலு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் உச்சியில் இருந்தது. இரண்டு பக்கமும் தாளடி நடவு, நடுவில் நாம். வண்டி நின்றது. "மாதாகிட்ட என்ன வேண்டிக்கிட்டீங்க? இங்கயே தங்கிரணும்னா?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள். அக்கா வண்டியை விட்டு இறங்காமல் மீன் பொட்டலத்தை மட்டும் பத்திரமாக மடியில் மாற்றி வைத்துக்கொண்டார்கள். நீங்களும் நானும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து செல்வத்துக்காகக் காத்திருந்தோம்.

அங்கேதான் கேட்டீர்கள். "வண்டி நின்னுச்சு, சரி. ஆளுங்களும் நின்னுட்டாங்களே சகலை. இத்தனை நாளும் வண்டியப் பாக்கத்தான் வந்தாங்களா?"

"பின்ன? உங்க மூக்கைப் பாக்கவா வந்தாங்க?" என்றேன். கேள்வி பெரிதாக இருந்தால் நான் செய்கிற காரியம் அதுதான். நீங்களும் மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு வெகுநேரம் நடவு வயலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

செல்வம் புதுப் பம்போடு வந்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "மாட்ட வேணாம் செல்வம். இழுத்துக்கிட்டுப் போயி கொட்டகையில போடுங்க. போனது போச்சு, ஏன் போச்சுன்னு தெரியாம இன்னொன்னு மாட்டமாட்டேன்."

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. துப்பறியும் கதை போல ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டோம். முதல் குற்றவாளி பெட்ரோல் பங்க். தண்ணீர் கலந்திருக்கும் என்றேன் நான். டாங்கியில் மிச்சமிருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும் என்று சமையலறை ஜன்னலோரம் வைத்தோம். தங்கவில்லை. அக்காதான், "எண்ணெய் பாட்டில் பக்கத்துல இதக் கொண்டாந்து வச்ச புண்ணியவான் யாரு? வடை சுட்டிருந்தா வீடே போயிருக்கும்" என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்கள்.

அடுத்தது எலி. அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் காருக்குள் குடிவந்து ஒயரைக் கடிப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. செல்வம் மீட்டரை வைத்துப் பார்த்தார். பாட்டரியில் இருக்கிற கரண்ட் பம்பு வரைக்கும் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. எலி நிரபராதி. ஃபில்டரைப் பிரித்தார், அழுக்கு இல்லை. மூன்றாவதாக எதிர் வீட்டின் கண்ணேறு. இது என் மனைவியின் கண்டுபிடிப்பு. எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வந்தாள். சக்கரத்துக்குக் கீழே வைத்தது சரி. ஓடாத வண்டி எப்படி நசுக்கும் என்று அப்புறம்தான் உறைத்து, அதைக் காலால் மிதித்துவிட்டு வந்திருந்தாள்.

கடைசியில் செல்வம், செத்த மூன்றையும் பேப்பர் விரித்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தார். நாம் இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். மூன்றிலும் துரு இல்லை, மண் இல்லை. மூன்றும் உள்ளே ஒரே மாதிரி கறுத்து, அடிபிடித்த தோசை போலத் தீய்ந்திருந்தன.

"சூட்டுல வெந்திருக்குங்க" என்றார் செல்வம். "இது டாங்கிக்குள்ள பெட்ரோல்லயே முங்கிக் கெடக்குற மோட்டாரு. அந்தப் பெட்ரோல்தான் இதக் குளுமையா வச்சிருக்கும். உங்க போர்ல தண்ணி கீழ எறங்கினப்பறம் மோட்டார ஓடவிட்டா என்ன ஆவும்?"

"காயில் போயிரும்."

"அதேதாங்க. ஒரே நாள்ல போகாது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா வேகும். ஆமா, வண்டியில எப்பவும் எவ்வளவு பெட்ரோல் கெடக்கும்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பேப்பரைப் பார்த்தேன். நமக்கு மட்டுமா தெரியும், ஊருக்கே தெரியும். இரவல் வண்டிக்கு நம் ஊரில் ஒரு நியாயம் உண்டு: போகிற தூரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வது. மிச்சம் விட்டால் அடுத்தவன் அனுபவிப்பான். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் சொட்டுக் கணக்குப் பார்த்து ஊற்றினார்கள். ராஜாங்கம் அதில் வித்தகர். வண்டி மூச்சுவிடும்போது சரியாக உங்கள் கேட்டுக்குள் உருட்டி நிறுத்திவிட்டு, "வந்துருச்சுண்ணே" என்று சாவியை நீட்டுவார். வேளாங்கண்ணிப் பயணத்துக்குப் பெட்ரோல் போட்டது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஆளும் ராஜாங்கத்துக்குக் குறைந்தவனில்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாமல் போர் மோட்டாரை ஒரு நிமிஷம்கூட ஓடவிடாத விவசாயிகள், அத்தனை பேரும் சேர்ந்து உங்கள் வண்டியைக் காயவைத்தே ஓட்டியிருக்கிறார்கள்.

"கால் டாங்கி குறையாம வச்சிக்கிங்க, சாவி வாங்குறவங்ககிட்டயும் சொல்லிருங்க, அவ்வளவுதான்" என்றார் செல்வம். அவருக்கு அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்து வரும்போது நீங்கள் சொன்னீர்கள்: "அத மட்டும் என்னால சொல்ல முடியாது சகலை. எங்கப்பா செத்தப்ப நான் வந்து எறங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. தூக்கினவங்க இவங்கதான். ராஜாங்கம் ஒரு பக்கம் தோள் குடுத்தாரு. அவருகிட்டப் போயி, ஏங்க, கொஞ்சம் பெட்ரோல மிச்சம் வச்சிட்டுப் போங்கன்னு எந்த வாயால கேக்கறது?"

உங்களை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது போல இருந்தது. விரால் தலை அதோடு என் மனதை விட்டுப் போயிற்று.

கேட்க முடியாவிட்டால் கேட்காமலே செய்யவைக்க வேண்டும். அது என் துறை. மறுநாள் செல்வத்திடம் போய், பெட்ரோல் முள்ளுக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிடச் சொன்னேன். முள் அடியிலேயே படுத்துவிட்டது. காலியாகப் போகிறது என்று எச்சரிக்கிற மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. இனி சாவி வாங்குகிறவன் யாராக இருந்தாலும் அந்த விளக்கைப் பார்த்துப் பயந்து நேரே பங்க்குக்குத்தான் போவான்.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றீர்கள்.

"வைத்தியம்" என்றேன்.

வைத்தியம் பலித்தது. அதற்குப் பிறகு பம்பு போகவில்லை. ஊர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் பிரசவம், அப்புறம் காதுகுத்து. "என்னங்க உங்க வண்டி, எவ்வளவு ஊத்தினாலும் முள்ளு எழும்பமாட்டேங்குது" என்று குறைபட்டுக்கொண்டு வந்தவர்களிடம் நீங்கள் குற்றவுணர்ச்சியில் இரண்டு பிஸ்கட் கூடுதலாக நீட்டினீர்கள். எதிர் வீடு மட்டும் வரவில்லை. ராஜாங்கம் வாசலில் நின்று பல் துலக்குவார். நீங்கள் உங்கள் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள். நடுவில் வண்டி நிற்கும். பேச்சு இருந்தது. வண்டிப் பேச்சு மட்டும் இல்லை. "அவரு ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் சகலை" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

கேட்டார். அந்தக் காலையில் நான் பேப்பரில் இருந்தேன். ராஜாங்கம் பட்டுச் சட்டையோடு வந்து வாசலில் நின்று, காலை மாற்றி மாற்றி வைத்தார். "பையனுக்குப் பொண்ணு பாக்கக் கிளம்பிட்டோம். டாக்ஸிக்காரன் கடைசி நேரத்துல கைய விரிச்சுட்டான்..."

"உக்காருங்க ராஜாங்கம். டீ குடிங்க."

"நேரமில்லண்ணே. ராகுகாலத்துக்கு முன்னாடி ஊரைத் தாண்டணும்."

"டீ குடிக்காம இந்த வீட்டுல சாவி குடுத்த வழக்கமில்ல." உங்கள் குரல் நடுங்கியது, சந்தோஷம் என்று நினைத்தேன். சந்தோஷம்தான். அவர் சூடு பொறுக்காமல் டீயை ஊதி ஊதிக் குடித்ததையும், நீங்கள் பெண் வீட்டார் யார், எந்த ஊர், எத்தனை பேர் உடன்பிறந்தவர்கள் என்று விசாரித்ததையும், பிறகு தெருமுனை திரும்பும் வரைக்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்தேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நெஞ்சு என்னவோ மாதிரி இருக்கு சகலை" என்றீர்கள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வண்டி வீட்டில் இருந்திருந்தாலும் அதைவிடச் சீக்கிரம் போயிருக்க முடியாது. டாக்டரும் அதையேதான் சொன்னார். திருவாரூர் போகிற வழியில் நான் போனை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"யாருக்கு?"

"ராஜாங்கத்துக்கு. வண்டியக் கொண்டாரச் சொல்ல வேணாமா?"

"பண்ணாதீங்க. பொண்ணு வீட்டுல உக்காந்திருப்பாங்க. சகுனம்னு எழுந்து வந்துருவாங்க. மறுபடியும் வண்டி மேலதான் பழி வரும். அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, பாவம்."

உங்கள் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை பாவம் என்பது. ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழையும்போது என் மணிக்கட்டில் உங்கள் பிடி தளர்ந்திருந்தது.

சாயங்காலம் ராஜாங்கம் ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் வந்தார். பந்தல் போட்டிருந்ததைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை போல. இறங்கும்போதே, "முடிஞ்சிருச்சுண்ணே! உங்க வண்டியில போன நேரம்..." என்று ஆரம்பித்தவர், ஐஸ் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றார். கையில் பூவும் பழமும் தட்டோடு இருந்தன. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. ஏன் போன் பண்ணவில்லை என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சட்டையை விட்டுவிட்டு, உங்கள் காரின் பின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த தோளை உங்களுக்கும் கொடுத்தார்.

காரியம் முடியும்வரை வண்டி ஓய்ந்து நிற்கவில்லை. சேதி சொல்லவும் ஐயரை அழைக்கவும் ஆற்றங்கரைக்குச் சாமான் கொண்டுபோகவும் யார் யாரோ எடுத்துப் போனார்கள். சாவி கேட்க அக்காவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சாவியை வண்டியிலேயே விட்டிருந்தோம். கருமாதி முடிந்த மறுநாள், சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட நான் எடுத்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அது எப்போதும் எரிவதுதான். ஆனாலும் இத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறதே, நடுவழியில் நின்றால் கருமாதி வீட்டு வண்டி என்று அதற்கும் ஒரு பேர் வந்துவிடுமே என்று பயந்து பங்க்கில் திருப்பினேன். பையன் குழாயை வைத்து அழுத்தினான். டக்கென்று நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான். பெட்ரோல் வழிந்து என் கையை நனைத்தது.

"ஃபுல்லா இருக்கு சார். இதுக்கா வந்தீங்க?"

"முள்ளு வேல செய்யாது. யாரு போட்டது?"

"நேத்து ஒருத்தர் வந்து கழுத்து வரைக்கும் போட்டாரு. அதுக்கு முந்தி ஒருத்தர். சாயங்காலம் இன்னொருத்தர் வந்தாரு. எடமில்லன்னு திருப்பி அனுப்பினோம்."

பேர் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் பிழைக்க வந்தவன், வெளியூர்.

சொட்டுக் கணக்குப் பார்த்த ஊர் சகலை. கேட்டு வாங்கியிருந்தால் ஒரு மூடி ஊற்றியிருக்குமா? யாருக்கும் தெரியாமல், அடுத்தவனுக்கென்று, ஆளுக்கு ஆள் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மதகில் உட்கார்ந்து நீங்கள் கேட்டதற்குப் பதில் கையில் வழிந்துகொண்டிருந்தது, கேட்டவர் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின் சீட்டில் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அக்காவிடம் வந்து சொன்னேன். துக்கம் நடந்த பிறகு அக்கா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அவரு இருந்திருந்தா, யாரு போட்டது, யாரு போட்டதுன்னு அந்த வண்டியிலயே ஊரு பூரா சுத்தியிருப்பாரு. போட்டதும் தீந்திருக்கும்" என்றார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் மனைவி வந்து உள்ளே அழைத்துப் போனாள்.

இப்போது சொல்ல வந்த சேதிக்கு வந்துவிட்டேன். ராஜாங்கத்தின் மகனுக்குத் தை மாதம் கல்யாணம். நின்றுபோகக் கூடாது என்று நீங்கள் நினைத்த அதே சம்பந்தம். நேற்று அவரும் அவர் சம்சாரமும் தாம்பாளத்தோடு அக்காவைப் பார்க்க வந்தார்கள். நானும் இருந்தேன், பேப்பர் இன்னும் உங்கள் வீட்டில்தான் படிக்கிறேன்.

"அண்ணி, கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு இந்த வண்டியிலதான் மண்டபத்துக்கு வரணும்" என்றார் ராஜாங்கம்.

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். "வேணாம் தம்பி. வேற நல்ல வண்டியாப் பாருங்க. துக்க வீட்டு வண்டி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா வந்த பொண்ணைத்தான் சொல்லுவாங்க. ராசி பாக்குற ஊரு இது."

"ராசி பாத்துத்தான் அண்ணி கேக்க வந்திருக்கேன்" என்றார் அவர். "இந்த வாயாலதான் அன்னிக்குக் கடைத்தெருவுல கத்தினேன். அண்ணன் ஒரு நாளும் அதத் திருப்பிக் கேக்கல. உசுரு போற நேரத்துலயும் எம்புள்ள கல்யாணம் நிக்கக் கூடாதுன்னாரு. அவரு வண்டிய விட ராசியான வண்டிய நான் எங்க போயித் தேடுவேன்?"

அக்கா தாம்பாளத்தில் சரிந்திருந்த பழத்தை நேராக்கி வைத்தார்கள். பிறகு, "ஓட்டுறது யாரு?" என்றார்கள்.

ராஜாங்கம் என்னைக் காட்டினார்.

"இவரா? வழியெல்லாம் நின்னு வம்பு பேசுவாரு. வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு ஊருக்குப் பழசாயிரும்."

அப்படித்தான் அக்கா சம்மதித்தார்கள். உங்கள் வண்டிக்குப் பேர் திரும்பிவிட்டது சகலை. சேதி இதுதான். இதைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிச் சந்தோஷப்பட வேறு ஆளும் எனக்கில்லை.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று இப்போதே தெரிகிறது. பின் சீட்டில் பெண், தோழி, தோழியின் தங்கை, ஒரு சித்தி. முன் சீட்டுக்குப் பெண்ணின் தாய்மாமன் கேட்காமலே கதவைத் திறப்பார்; தாய்மாமன்கள் எப்போதும் பருமனாக இருப்பார்கள். நான் ஓட்டும்போதெல்லாம் நீங்கள் உட்கார்ந்து வந்த இடம் அது, யாரையும் அங்கே உட்கார விடக் கூடாது என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றும். அதற்குள் உங்கள் குரல் வந்துவிடும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே மாதிரி, வழியில் கை காட்டியவர்களைப் பார்த்தபோதெல்லாம் என் தொடையில் தட்டிச் சொன்ன அதே குரல்: "எடமிருக்குல்ல சகலை, ஏத்திக்குங்க."

ஏற்றிக்கொள்வேன். எல்லோருக்கும் இடம் இருக்கும். அதைத்தான் எப்படித் தாங்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

உங்கள்
சகலை